மிஷினே, கேட்டுக்க

ஞானசிகாமணி சார் பல்கலைக்கழக வேலையிலிருந்து ஓய்வு பெற்று போடிக்குத் திரும்பிய வருஷமே, குடும்பத்து ஏலக்காய்க் குடோன் மாடியில் மாநாடு நடத்தப்போவதாகச் சொன்னார். 2005 கார்த்திகை. காய்வரத்து உச்சத்தில் இருந்தது. குடோனை நடத்திவந்த அவருடைய தம்பி செல்வின் அண்ணாச்சி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, மாடியில பாதி எடம் மூட்டை. வர்றவுகள எங்கன உக்கார வைக்க?"

"ஓரமா ஒதுக்குடா. பாய் விரிச்சாப் போதும். மேடை கிடையாது, மாலை கிடையாது, பொன்னாடை கிடையாது. முறைசாரா மாநாடு."

"அப்படின்னா?"

"பேசுற எடத்துலயே சாப்பிடுவோம். சாப்பிடுற எடத்துலயே பேசுவோம்."

பெரிய மனிதர்களுக்கு எளிமை வந்துவிட்டால் மற்றவர்களுக்குத்தான் வேலை அதிகம். 'ஆசிய மொழிகள், பனுவல்கள், பண்பாடுகள்' என்று துணியில் எழுத வாசகம் அடித்துக் கொடுத்தது நான். பாய் வாங்கியது நான். தண்ணீர்க் கேனுக்குச் சொன்னதும் நான். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு அந்தக் குடோனில் பில் அடித்துக்கொண்டிருந்தேன். கீழே காய் பிரிக்கும் பெண்கள் என்னைக் 'கம்ப்யூட்டரு' என்றே கூப்பிடுவார்கள். "ஏ கம்ப்யூட்டரு, மணி என்ன?" என்பார்கள்.

காய் பிரிப்பது உட்கார்ந்து செய்கிற வேலை என்று வெளியாட்கள் நினைப்பார்கள். இடுப்புக்குத் தெரியும் அது என்ன வேலையென்று. மலையிலிருந்து வருகிற உலர்ந்த காயைச் சல்லடையில் சலித்து, சொளகில் போட்டுப் புடைத்து, வெடித்தது, வெளுத்தது, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் விரலாலேயே ஒதுக்கவேண்டும். நல்ல பச்சை தனி. வாசனை முதல் வாரம் இனிக்கும். அப்புறம் தலைவலி. வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் சோற்றில் ஏலக்காய் மணக்கும். யார் எங்கே உட்காருவது என்பதும் முன்னால் வந்தவர், பின்னால் வந்தவர் என்கிற மூப்பின்படிதான். ஜன்னலடியில் வெளிச்சமான இரண்டு இடம். ஒன்றில் மொக்கம்மாள், அடுத்ததில் ஜக்கம்மா. ஜக்கம்மாவின் புருஷன் சின்னக்கருப்புக்குக் கூடப்பிறந்த அக்காதான் மொக்கம்மாள். இருவருக்கும் ஒரே சல்லடை.

வரிசையில் பாதிப்பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். தலைமுறை தலைமுறையாக இங்கே புஞ்சை உழுதவர்களின் வம்சம். கடைத்தெருவில் தமிழ், மலைக்குப் போனால் மலையாளம், வீட்டுக்குள் தெலுங்கு. என் மாதிரி ஆள் பக்கத்தில் நிற்கும்போது ரகசியம் பேசவேண்டுமானால் சட்டென்று மாறிக்கொள்வார்கள்.

"என்னக்கா, என்னப் பத்தியா பேசுறீக?" என்பேன்.

"ஒன்னப் பத்திப் பேச என்ன இருக்கு? எங்களுக்குக் கதவு எதுக்கு கம்ப்யூட்டரு? எங்க பாசையே கதவுதான்" என்பாள் ஜக்கம்மாக்கா.

அந்தக் கதவைத் திறந்துகொண்டு வந்தவள் ஷீபா. சாரின் ஆராய்ச்சி மாணவி. நாகர்கோவில் பக்கம். புத்தகத்தில் படித்த தெலுங்கோடு வந்து, இவர்களுடைய தெலுங்கைப் பதிவு செய்யவேண்டும் என்றாள். ஜக்கம்மாக்கா வீட்டுக்குச் சாயங்காலம் சாயங்காலம் பிஸ்கட் பாக்கெட்டோடு போவாள். தீப்பெட்டி அளவில் ஒரு மிஷின். அடுப்படி மாடத்தில் வைத்துவிட்டு, "என்னக் கண்டுக்காதீங்க, எப்பவும் போலப் பேசுங்க" என்பாள். முதல் வாரம் கண்டுகொண்டார்கள். அப்புறம் மாடத்தில் இருந்த உப்புச்சாடி மாதிரி அதுவும் ஆகிவிட்டது.

அந்த வீட்டில் அப்போது பேச நிறைய இருந்தது. ஜக்கம்மாக்காவின் மகள் பொம்மி பிளஸ் டூ முடித்து வீட்டில் இருந்தாள். அவள் பிறந்தபோது தொட்டில் கட்டச் சேலை கொண்டுவந்தவள் மொக்கம்மாள். அவர்கள் வழக்கத்தில் அத்தை கொண்டுவந்த தொட்டில் சேலை என்றால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பெண் அத்தை மகனுக்கு. மகன் கெங்கையன் ஜீப் ஓட்டுகிறான். விடியுமுன் கூலிப்பெண்களை அடைத்துக்கொண்டு போடிமெட்டு ஏறி, பொழுது சாய இறக்கிக்கொண்டு வருவான். கெட்டவன் இல்லை. தை கடைசியில் கல்யாணம் என்று பேச்சு.

பொம்மிக்கு மதுரையில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. தை முதலில் சேரவேண்டும். விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது நான். அது எனக்கும் ஜக்கம்மாக்காவுக்கும் பொம்மிக்கும் மட்டும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மாடத்தில் இருந்த மிஷினுக்கும் தெரியும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

மாநாட்டுக்கு இருபது பேர் போல வந்தார்கள். கோட்டயத்திலிருந்து, மைசூரிலிருந்து, ஐதராபாத்திலிருந்து. ஜப்பான்காரர் ஒருவர், ஜெர்மன் அம்மா ஒருவர். அந்த அம்மா என்னிடம், "தங்கள் இல்லத்தில் அனைவரும் நலமா?" என்று கேட்டார். ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே பாயில் உட்கார்ந்து ஓலைச்சுவடி, கல்வெட்டு, ஒரு கதை பல நாட்டில் பல மாதிரி என்று பேசினார்கள். வெளியே மலையில் மூடுபனி இறங்கி, பகலிலேயே லைட் போட்டிருந்தோம். பேச்சு நீண்டது. சாப்பாட்டு நேரம் தாண்டியது.

"நிறுத்த வேண்டாம், பேசிக்கிட்டே சாப்பிடுவோம். இலையப் போடச் சொல்லும்மா" என்றார் சார்.

கீழேயிருந்து பரிமாறப் பெண்களைக் கூட்டிவந்தேன். ஜக்கம்மாக்கா இலை போட்டுக்கொண்டு போனாள். பின்னாலேயே ஒருத்தி சோறு வைக்க, அடுத்து மொக்கம்மாள் சாம்பார் வாளியோடு. அப்போதுதான் ஷீபாவின் முறை. அவள் மிஷினை ஒலிபெருக்கியில் செருகினாள்.

ஹால் முழுக்க ஜக்கம்மாக்காவின் குரல் தெலுங்கில் கேட்டது. அடுப்பில் தாளிக்கிற சத்தம்கூடக் கேட்டது. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. 'மதுரை', 'ஹாஸ்டல்' இரண்டு மட்டும் விளங்கின. இலை போட்டுக்கொண்டிருந்த அக்காவின் கை அப்படியே நின்றது. இலையிலிருந்த தண்ணீர் ஜப்பான்காரரின் மடியில் சொட்டியது. அவர் துடைத்துக்கொண்டார்.

ஷீபா ஒரு வாக்கியத்தில் நிறுத்தினாள். அதில் ஒரு வினைச்சொல் விசேஷமாம். மறுபடி போட்டாள். கோட்டயத்துக்காரர் சந்தேகம் கேட்டார். மறுபடி போட்டாள். ஐதராபாத்துக்காரருக்குப் பாதி விளங்கியிருக்கவேண்டும், தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "ரொம்ப நல்லா இருக்கு, இன்னொரு தடவை" என்று ஆங்கிலத்தில் கேட்டார். மறுபடியும் போட்டாள்.

மொக்கம்மாள் வாளியைக் கீழே வைக்கவில்லை. கடைசி இலைவரைக்கும் சாம்பார் ஊற்றினாள். ஒரு சொட்டு பாயில் சிந்தவில்லை. ஊற்றி முடித்து, வாளியை என் காலடியில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

பொம்மி பிறகு சொல்லித்தான் அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். முழுப்பேச்சும் இதுதான். "தை பிறக்குறவரைக்கும் வாயத் திறக்காத. கல்யாணச் சேலை எடுக்கப் போறோம்னு மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்துர்றேன். அப்புறம் ஒங்கப்பன் குதிக்கட்டும். ஒங்கத்தைக்கு மருமக வேணாம்டி, சட்டி கழுவ ஆளு வேணும்." விசேஷமான வினைச்சொல் இருந்தது கடைசி வாக்கியத்தில்.

கை கழுவுகிற இடத்தில் ஷீபாவைப் பிடித்தேன்.

"அந்த டேப்புல என்ன பேசுனாகன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஒரு வார்த்தை விடாம எழுதி வச்சிருக்கேன்."

"அந்த அத்தைதான் சாம்பார் ஊத்துனது. அது தெரியுமா?"

அவள் முகம் ஒரு நிமிஷம் வெளுத்தது. "கட்டுரையில பேரெல்லாம் மாத்திட்டேனே" என்றாள்.

"குரல மாத்துனீகளா?"

அவள் கழுவிய கையையே மறுபடி கழுவினாள். எனக்கு அதற்கு மேல் நிற்க நேரம் இல்லை. பாயசம் காத்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஜக்கம்மாக்கா வீட்டுக்குப் போனேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. பொம்மி களி கிண்டிக்கொண்டிருந்தாள், கண் வீங்கியிருந்தது. கருவாட்டுக் குழம்பு இறக்கி வைத்திருந்தது, யாரும் தொடவில்லை. சின்னக்கருப்பு மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூட்டை தூக்குகிற மனுஷன். நின்றால் வீட்டுக் கூரை தலையில் இடிக்கும். உட்கார்ந்திருந்தபோது சின்னவராகத் தெரிந்தார்.

"வா கம்ப்யூட்டரு. நீதான எழுதிக் குடுத்த?" என்றார்.

"ஆமா மாமா."

"ஏங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலல்ல ஒங்க மூணு பேருக்கும்?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீகளா?"

"விட்டிருக்க மாட்டேன்" என்றார் நேர்மையாக. "அதுக்காகச் சொல்லாம இருக்கலாமா?"

ஜக்கம்மாக்கா உள்ளேயிருந்து கத்தினாள். "அக்கா வந்துட்டுப் போனாகளே, அதச் சொல்லுங்க அவகிட்ட."

"வந்துச்சு. வாசல்லயே நின்னுச்சு. ஏங்கிட்டப் பேசல. கூரையப் பாத்து, 'கூரையே, ஒன் வீட்டுக்காரன்கிட்டச் சொல்லிரு, எனக்குத் தம்பி இல்ல'ன்னுச்சு. போயிருச்சு." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "எனக்கு இருந்தது அது ஒண்ணுதான். ஆத்தா செத்த பெறகு எனக்குச் சோறு ஊட்டுனது அதுதான்."

அவர்களிடம் அப்படி ஒரு வழக்கம். பேச்சறுத்துவிட்டால் அறுத்ததுதான். அந்த வீட்டு ஆளுக்கு நேராக முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசக்கூடாது. தவிர்க்க முடியாமல் சொல்லியாகவேண்டும் என்றால் கூரையிடமோ ஆட்டிடமோ உலக்கையிடமோ சொல்லலாம். கேட்கவேண்டியவர் கேட்டுக்கொள்வார். அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான். பங்காளிகள் கூடிப் பைசல் சொல்லிவிட்டால் அப்புறம் கூரைக்கும் வேலையில்லை, சாகும்வரைக்கும் பேச்சே கிடையாது.

"பங்காளிக எப்பக் கூடுறாக?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை. நாளைக்கழிச்சு" என்றாள் பொம்மி. "தொட்டில் சேலையச் சொல்லி அத்த உரிமை கேட்டா, மறுவாரமே தாலி. தையெல்லாம் கெடையாது. அவுக பைசலுக்கு எதிர்ப்பேச்சுப் பேசக்கூடாது."

"அதுக்குள்ள அவுககிட்டப் பேசிப் பாக்கலாம்ல?"

"எப்படிப் பேச? அறுத்தாச்சுல்ல" என்றாள் ஜக்கம்மாக்கா. "அந்தம்மா வீட்டுக் கூரைகிட்டப் பேசலாம்னா வாசல்ல கெங்கையன் உக்காந்திருக்கான். அவன் மூஞ்சியப் பாத்தா எனக்கே பாவமா இருக்கு. சாப்பிட்டுப் போ."

"வேணாம்க்கா."

"கோவத்துக்கும் களிக்கும் என்னடி சம்பந்தம்? உக்காரு."

மறுநாள் மாநாட்டின் கடைசி நாள். காலையில் ஜன்னலடியில் இரண்டு பேரும் வழக்கம்போல உட்கார்ந்திருந்தார்கள். மூப்பு இடத்தைக் கோபத்துக்காக யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. சல்லடையைக் கையில் கொடுக்காமல் தரையில் தள்ளி விட்டுக்கொண்டார்கள்.

ஷீபா இறங்கி வந்தாள். எல்லார் முன்னாலும் இரண்டு பேரை நேருக்கு நேர் பேசவைத்துக் காட்டவேண்டுமென்று சார் ஆசைப்படுகிறாராம். "வயசுல மூத்தவங்களா ரெண்டு பேரு. இவங்க ரெண்டு பேரையும் கேக்கலாமா?"

"உங்களுக்குக் கொஞ்சமாவது..." என்று ஆரம்பித்தேன். சுற்றி இருபது பேர் காய் பிரிப்பதை நிறுத்திப் பார்த்தார்கள். எனக்கு வாய் நின்றது. வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறென்ன.

மொக்கம்மாள் மடியில் கிடந்த காயைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"அந்த மிஷினு இருக்கா இன்னைக்கு?" என்று என்னைக் கேட்டாள்.

"இருக்கு."

"அதுகிட்டப் பேசலாம்ல? அதுக்கு அறுப்பு ஒண்ணும் இல்லையே."

படியேறிவிட்டாள். ஜக்கம்மாக்கா சல்லடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு அவளும் ஏறினாள்.

மாடியில் இரண்டு பாய் எதிரெதிராகப் போட்டார்கள். இருவரும் ஒருவருக்கொருவர் பக்கவாட்டாகத் திரும்பி, ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். நடுவில் மிஷின். "இயல்பாப் பேசட்டும், எதைப் பத்தி வேணும்னாலும்" என்றார் சார்.

மொக்கம்மாள்தான் தொடங்கினாள். முதலில் மெதுவாக, அப்புறம் குரல் ஏறியது. ஜக்கம்மாக்கா விட்டுக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு பேச்சிலும் இருவரும் மிஷினைப் பார்த்து ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். ஜெர்மன் அம்மா வேகவேகமாக எழுதினார். ஐதராபாத்துக்காரர் கொஞ்சநேரம் சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். பொம்மி படிக்கட்டில் என் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அவள் எனக்குச் சொன்னபடி அது இப்படி.

"மிஷினே, கேட்டுக்க. தொட்டில் சேலை நான் கட்டுனது. அத எனக்குத் திருப்பிக் குடுக்கச் சொல்லு."

"மிஷினே, அந்தச் சேலையில இந்தப் பிள்ள பேண்டு மோண்டு, அது கிழிஞ்சு அடுப்புத் துணியாப் போச்சு. வேணும்னா வந்து சாம்பல அள்ளிட்டுப் போகச் சொல்லு."

"மிஷினே, நான் சட்டி கழுவ ஆளு தேடுனேனாம். ஊரு உலகமெல்லாம் கேக்குது. இவ பிரசவத்துக்கு இவ பீத்துணி அலசுனது யாருன்னு கேளு."

"அது பொய்யில்ல மிஷினே. அலசுனாக. அந்த ஒரு பேச்சு நான் பேசியிருக்கக் கூடாது. மத்ததெல்லாம் பேசுவேன்."

அந்த இடத்தில் மொக்கம்மாள் நிறுத்தி, மூக்கைச் சிந்தினாள். பாஷை தெரியாத எனக்கே அது அழுகை என்று தெரிந்தது.

"மிஷினே, எம்மகன ஒருத்தி வேணாம்னு சொல்லிட்டு மதுரைக்குப் போனாங்கிற பேரு வரக்கூடாது. அவன் ஜீப்புல இந்த ஊருப் பொம்பளைகதான் தெனம் ஏறுறாக. சிரிப்பாக. அதனால நாங்கதான் வேணாம்னு சொல்லுவோம். பொண்ணுக்கு வலிப்பு இருக்குன்னு ஞாயித்துக்கிழமை சொல்லுவேன். இவ இல்லைன்னு மறுக்கக் கூடாது."

ஜக்கம்மாக்கா பாயின் ஓரக் கோரையை நகத்தால் கிள்ளினாள். பொம்மியின் நகம் என் கையில் அழுந்தியது. வலிப்பு என்று பங்காளிகள் முன்னால் சொல்லிவிட்டால் இந்த ஜில்லாவில் அவர்கள் ஆட்களில் எவனும் அவளைக் கேட்டு வரமாட்டான். என்றைக்கும்.

"சொல்லிக்கிடச் சொல்லு மிஷினே" என்றாள் ஜக்கம்மாக்கா. "வலிப்புக்காரிய இனி எவனும் பொண்ணு கேட்டு வரமாட்டான். எம்மக படிச்சு முடிக்கிற வரைக்கும் எனக்குத் தொந்தரவு இல்ல."

"முடிச்ச பெறகு, மிஷினே?"

"அவளே பாத்துக்கிடுவா மிஷினே."

"என் எழவுக்கு இவளும் வரக்கூடாது, எந்தம்பியும் வரக்கூடாது மிஷினே."

"யாரு வந்தா, யாரு வரலைன்னு பாக்க அன்னைக்கு அவுக முழிச்சிருக்க மாட்டாகன்னு சொல்லு."

அதற்கு மொக்கம்மாள் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். எங்களைத் தாண்டும்போது பொம்மியைப் பார்க்கவில்லை. ஆனால் கை மட்டும் போகிற போக்கில் பொம்மியின் தலையைத் தடவிக்கொண்டு போனது.

மேலே கைதட்டல். "இந்த உயிர்ப்பு வேறெங்கே கிடைக்கும்!" என்றார் சார். ஜப்பான்காரர் மட்டும் தட்டவில்லை. ஜக்கம்மாக்கா எழுந்திருக்க முடியாமல் பாயிலேயே இருப்பதைப் பார்த்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி நடந்தது. பங்காளிகள் முன்னால் மொக்கம்மாள் வலிப்பு என்றாள். ஜக்கம்மாக்கா தலையைக் குனிந்து நின்றாள். சின்னக்கருப்பு மாமா மட்டும் "எம்மகளுக்கா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். தை முதல் வாரம் பொம்மியை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டவர் அவர்தான். பஸ் கிளம்பியதும் என்னிடம், "அக்கா வீட்டுப் பக்கமாப் போனா நான் நல்லாருக்கேன்னு சொல்லு" என்றார். பிறகு, "வேணாம், சொல்லாத" என்றார்.

அடுத்த கார்த்திகையில் மறுபடி மாநாடு. ஷீபா முனைவர் பட்டம் வாங்கியிருந்தாள். வந்ததும் என் மேசைக்குத்தான் வந்தாள்.

"போன தடவை பேசுன ரெண்டு பேரும் வேணும். அதே மாதிரி சேர்த்து உக்கார வைக்கணும். எத்தனை பேர் அதைப் பத்திக் கேட்டாங்க தெரியுமா?"

"அவுக ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல" என்றேன்.

அவள் குனிந்து, மாடியிலிருந்து குடோனுக்குள் திறக்கிற சின்ன ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். மொக்கம்மாள் சலித்து முடித்து, சல்லடையைத் தரையில் தள்ளினாள். ஜக்கம்மாக்கா நிமிராமல் கை நீட்டி இழுத்துக்கொண்டாள்.

"பக்கத்துல பக்கத்துலதானே உக்காந்திருக்காங்க? அன்னைக்கு எவ்வளவு நல்லாப் பேசுனாங்க!"

"அன்னைக்குப் பேசுனதுதான் கடைசி."

ஷீபா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவள் முகம் உண்மையிலேயே மலர்ந்தது.

"அப்படின்னா அது ரொம்ப முக்கியமான பதிவு" என்றாள்.

கீழே எடை போடக் கூப்பிட்டார்கள். நான் போய்விட்டேன்.